டயருக்குள் குடியிருந்த நல்ல பாம்பு

குடவாசல் பக்கத்தில் பாம்புக்குப் பஞ்சம் கிடையாது. வயலில் இருக்கும், வைக்கோல்போரில் இருக்கும், மழை விட்ட மறுநாள் குளியலறைக்கே வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போகும். ஆனால் டயருக்குள்ளும் பாம்பு இருக்கும் என்று அந்த ஊருக்கு எடுத்துச் சொல்ல ஒரு மகான் வேண்டியிருந்தது. அந்த மகான்தான் ஸ்டியரிங் சாமி.

ஆற்றங்கரை ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும், கார், வேன், டிராக்டர் என்று வண்டிகள் மதகு வரைக்கும் நிற்கும். கதிர் அறுக்கிற மிஷின்கூட ஒருமுறை வந்து தீர்த்தம் வாங்கிக்கொண்டு போனது. திருப்பனந்தாளிலிருந்து வந்தார்கள், கீழ்வேளூரிலிருந்து வந்தார்கள். ரேஷன் கடையில் கால்மணி நேரம் நின்றால் கலெக்டரைக் கூப்பிடுகிறவர்கள், இங்கே உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு வாய் திறக்காமல் நின்றார்கள். பக்தி வந்துவிட்டால் பாதம் சுடாது போலிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் இராஜாங்கம் வாத்தியாரும் நின்றார். சாதாரண வாத்தியார் இல்லை, ஐயா. அறிவியல் வாத்தியார். சைக்கிள் பம்ப்பை வகுப்புக்குக் கொண்டுவந்து காற்றுக்கு அழுத்தம் உண்டு என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு நடத்தி, ஓய்வும் பெற்றவர். அவரே இப்போது எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பேர் குந்தவை. அவருடைய ஒரே மகள்.

குந்தவை மாட்டு டாக்டர். ஐப்பசி மழையில் டெல்டாவின் உள்ரோடுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஒரு கோடியில் பசு கன்று போட முடியாமல் தவிக்கும், ஸ்கூட்டர் சேற்றில் முழங்கால் அளவு இறங்கி நிற்கும். அதனால்தான் வாத்தியார் சேமிப்பைத் துடைத்து எடுத்து, மலையேறுகிற ஜீப் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் வரப்பைத் தவிர மேடே இல்லாத ஊரில் மலையேறும் ஜீப்பா என்று ஊரே சிரித்தது. வாத்தியார் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் வண்டி வந்த அன்றே வினையும் வந்தது. நேரான ரோட்டில் ஜீப் நேராகப் போகமாட்டேன் என்றது. ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்தால் வலது பக்கம் அலைந்தது, வலது பக்கம் திருத்தினால் இடது பக்கம் ஓடியது. மதகுக்குப் பக்கத்தில் எதிரே பஸ் வர, குந்தவை ஒடித்த ஒடிப்பில் முன்சக்கரம் ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வண்டி விற்ற கடையில் கேட்டால், "புது வண்டி சார், ஓட ஓடப் பழகிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"ஏம்ப்பா, சயின்ஸ் வாத்தியார் நீங்க. இந்தக் கூத்துக்கா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் குந்தவை.

"அது பரீட்சைக்குப் பாப்பா. இது உசுரு" என்றார் வாத்தியார்.

அவர்களுக்கு முன்னால் மீரா உசேனின் வண்டி நின்றது. துபாயில் இருந்துவிட்டு வந்து ஊரில் துணிக்கடை வைத்திருப்பவர், வாத்தியாரின் பழைய மாணவர். அவருடையதும் அதே ஜீப், அதே அலைச்சல். வாத்தியாரைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"சைத்தூன் நச்சரிப்பு தாங்கல சார். எதுக்கும் பாத்துட்டு வந்துடுங்கன்னா" என்று பழியை வீட்டிலிருந்த மனைவிமேல் போட்டார்.

பூஜை தொடங்கியது. சாமியின் சீடன் நான்கு சக்கரத்தையும் மஞ்சள் துணியால் மூடினான். எலுமிச்சம்பழம் வைக்கிறேன் என்று அவனும் துணிக்குள் புகுந்தான்.

"வண்டி வர்ற வழியில நாகம் ஒண்ணு அடிபட்டுடுச்சு" என்றார் சாமி. "எந்தச் சக்கரம் ஏறிச்சோ அந்தச் சக்கரத்துக்குள்ள அது குடியேறிடும். அதான் வண்டியும் பாம்பாட்டம் நெளியுது. எல்லாரும் கண்ணை மூடுங்க! நாகம் வெளியேறும்போது பாத்தா கண்ணு அவிஞ்சிடும்!"

கூட்டம் கண்ணை மூடியது. மனத்தின் கண்ணை வரிசையில் நிற்கும்போதே மூடிவிட்டதால், மிச்சம் இருந்த இரண்டையும் மூடுவதில் சிரமம் இல்லை. மந்திரம் உச்சத்துக்குப் போனது. துணிக்குள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல்! இன்னொரு சக்கரத்தில் இன்னொரு சீறல்! பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு மீரா உசேன் வண்டியை ஓட்டிப் பார்த்தார். என்ன ஆச்சரியம்! நூல் பிடித்த மாதிரி போனது.

வாத்தியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. குந்தவை மட்டும் கண்ணை மூடவில்லை. அந்தச் சீறலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து இவர்கள் முறை. சாமி ஜீப்பைச் சுற்றி வந்தார். கதவை மோந்து பார்த்தார். கதவுத் தூணில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கர்மேல் ஒரு யந்திரத் தகட்டை அழுத்தி ஒட்டினார். முகத்தைச் சுளித்தார்.

"இது சாதாரண நாகம் இல்ல. பொம்பளை கை பட்டு எடுத்த வண்டி. அவ கை பட்டதால கோபம் ஏறிப் போயிருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய பூஜை போடணும். அதுக்கப்புறம் உங்க பொண்ணு இந்த வண்டிய தொடவே கூடாது. தொட்டா, ஆறுதான்."

'ஆறு' என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், வாத்தியார் அங்கேயே கையை நீட்டினார்.

"சாவியைக் குடு பாப்பா."

"அப்பா, மழைக்காலம் முழுக்க நான் எப்படிப் போறது? போன வாரம் நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு மாடு போயிடுச்சு, தெரியும்ல?"

"மாடு போனா இன்னொரு மாடு வாங்கிக்கலாம். நீ போனா நான் எங்க போய் வாங்குவேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. குந்தவை சாவியைக் கொடுத்துவிட்டாள். அவ்வளவு ஆத்திரத்திலும் அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது அவளுக்கு.

மறுநாள் யாரோ ஒருவர் பைக்கில் கூட்டிக்கொண்டு போன வீட்டில், வயிறு உப்பிப் போய்க் காலைப் பரப்பிக்கொண்டு ஒரு பசு தள்ளாடிக்கொண்டிருந்தது. குந்தவை உப்புசத்துக்குக் குத்துகிற குழலை எடுத்து வயிற்றில் இறக்கினாள். 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று காற்று வெளியேறியது. கொஞ்ச நேரத்தில் பசு தள்ளாட்டம் இல்லாமல் நேராக நடந்து வைக்கோலைப் பார்க்கப் போனது. அட! இதே சீறல்தானே? குந்தவை பசுவின் முன்னாலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜீப்பின் நான்கு வால்வுகளிலும் இருந்த பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றிவிட்டு, இரும்பு மூடிகளைப் போட்டுக் கட்டிங் பிளேயரால் இறுக்கினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய பூஜை என்று கேள்விப்பட்டுக் கூட்டம் இரண்டு மடங்கு. வெள்ளியில் நாகம் செய்து வைத்திருந்தார் வாத்தியார். பூஜை முடிந்ததும் அது சாமியின் பெட்டிக்குள் புற்றெடுக்கப் போகிறது. சீடன் துணிக்குள் புகுந்தான். மந்திரம் உச்சத்துக்குப் போனது.

சீறல் வரவில்லை.

சாமி தொண்டையைச் செருமிவிட்டு மந்திரத்தைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். துணி மட்டும் தடபுடவென்று ஆடியது. உள்ளேயிருந்து, "சாமி, வரமாட்டேங்குது சாமி" என்று ஈனக்குரல் கேட்டது. சாமிக்கு நெற்றியில் விபூதி கரைந்து வழிந்தது. இருந்தாலும் தொழில் தெரிந்தவர் இல்லையா?

"நாகம் அடம் பிடிக்குது! அந்தப் பொண்ணு இங்க நிக்கிறதாலதான் வெளிய வரமாட்டேங்குது. அவளைப் போகச் சொல்லுங்க!"

கூட்டம் குந்தவையை முறைத்தது. வாத்தியார் மகளைக் கெஞ்சும் முகத்தோடு பார்த்தார். "வீட்டுக்குப் போயிடு பாப்பா."

"போறேன்ப்பா. போறதுக்கு முன்னாடி ஒரு பாம்பை மட்டும் வெளிய விட்டுட்டுப் போறேன்."

ஜீப்பின் பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னிப் பக்கம் போனாள். வால்வு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஊசியை வீட்டுச் சாவி முனையால் அழுத்தினாள். 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!'

"பாத்தீங்களா! அங்க போய் ஒளிஞ்சிருக்கு!" என்று கத்தினார் சாமி. கூட்டம் தடாலென்று விழுந்து கும்பிட்டது.

கூட்டம் எழுந்திருக்கும்வரை குந்தவை காத்திருந்தாள்.

"சாமி, ஏறி நசுக்கின சக்கரத்துலதான் நாகம் குடியேறும்னு சொன்னீங்க. இது ஸ்டெப்னி. கம்பெனியில மாட்டினதுலேருந்து தரையத் தொட்டதே இல்ல. இது எந்தப் பாம்பு மேல ஏறுச்சு?"

சாமி வாயைத் திறப்பதற்குள் குந்தவை நேராகக் கொட்டகைக்குப் பின்னால் நின்ற சாமியின் வெள்ளைக் காருக்குப் போய் அதன் வால்வையும் அழுத்தினாள். 'ஸ்ஸ்ஸ்ஸ்.'

"சாமி கார்லயும் குடியிருக்கு போல. முதல்ல உங்களுக்குத்தான் பெரிய பூஜை போடணும்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த மீரா உசேன் மஞ்சள் துணியை உருவினார். விரல் தோல் உரிந்து, இரும்பு மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் சீடன்.

"டேய், நீ நாலு ரோட்டுல பஞ்சர் ஒட்டுன ஆளாச்சே! இந்த சாமி உன் முதலாளிதானே? தாடி வெச்சதுல அடையாளம் தெரியல." அப்புறம் அவர் வாத்தியாரைப் பார்த்தார். "சார், பம்ப்பு வெச்சு நீங்கதானே சார் காட்டுனீங்க, காத்துக்கு அழுத்தம் உண்டுன்னு?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு, வெள்ளி நாகத்தைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

குந்தவை கதவுத் தூணிலிருந்த யந்திரத் தகட்டைப் பிய்த்தாள். அடியில் இருந்த ஸ்டிக்கரில், டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று அச்சாகியிருந்தது. இருந்ததோ கிட்டத்தட்ட அதுபோல ஒன்றரை மடங்கு. தொழிற்சாலையிலிருந்து லாரியில் அனுப்பும்போது நிறைய அடைத்த காற்று. விற்ற கடையில் யாரும் குறைக்கவில்லை. அவள் மூடிகளைக் கட்டிங் பிளேயரால் திருகி எடுத்து, காற்றளவு மானியை வைத்துப் பார்த்துப் பார்த்து இறக்கினாள். கற்பூரம் இல்லை, மந்திரம் இல்லை. கண்ணை யாரும் மூடவில்லை, யாருக்கும் கண் அவியவும் இல்லை.

அதற்குள் அவளுடைய போன் அடித்தது. வயலுக்கு நடுவே ஒரு கொட்டிலில், கன்றின் கால் மட்டும் வெளியே வந்து நிற்கிறதாம்.

"அப்பா, சாவி."

வாத்தியார் கையை நீட்டினார். மதகுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஆனாலும் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. பக்கத்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மதகை நெருங்கும்போது, தன் பக்கம் இல்லாத பிரேக்கை அவருடைய கால் மிதித்தது. ஜீப் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போனது.

"பரீட்சைக்கும் உசுருக்கும் ஒரே சயின்ஸ்தான்ப்பா" என்றாள் குந்தவை.

"மதிப்பெண் குடுக்காத, ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார் வாத்தியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கொட்டகை இப்போது பூட்டிக் கிடக்கிறது. சாமி மாயவரம் பக்கம் போய் டிரான்ஸ்பார்மர் தோஷம் கழிப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை நிற்கிறதாம். டயரில் காற்று அதிகமானால் வண்டி தள்ளாடும், ஊசியை அழுத்தினால் சரியாகிவிடும். தலைக்குள் காற்று மட்டுமே இருக்கிறவர்களுக்கு வால்வு எங்கே இருக்கிறது என்று அவரவரே தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. தயவுசெய்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.