பதினேழு வீட்டு சலாம்

பன்னிரண்டாவது வீட்டில் கமாலுதீனால் வட்டலப்ப இனிப்பை விழுங்க முடியவில்லை. முந்தைய பதினோரு வீட்டிலும் விழுங்கியிருந்தான்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. சபர் போற ஆளு வெறும் வயித்தோட போகக் கூடாது" என்றாள் அந்த வீட்டுக்காரம்மா.

வெறும் வயிறு எப்படி இருக்கும் என்பதே கமாலுதீனுக்கு மறந்து இரண்டு மாதமாகியிருந்தது.

அவன் விமானி. திருச்சியிலிருந்து கொழும்புக்கு டக்கோட்டா விமானம் ஓட்டினான். சொந்த ஊரும் திருச்சிதான். தகப்பனார் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் குடுவை கழுவி அவனைப் படிக்க வைத்தவர். காரைக்காலில் பெண் எடுத்ததால், ஊர் வழக்கப்படி மனைவி வீடே அவன் வீடாயிற்று. அந்த வீட்டுப் பெண்கள் கல்யாணமானாலும் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. ஆண்கள் மூன்று தலைமுறையாகக் கப்பலேறியவர்கள்.

கடல் தாண்டிப் போவதற்கு அவர்கள் சபர் என்று சொன்னார்கள். சபர் போகிறவன் முதல் நாளே உறவுக்காரர் வீடு ஒவ்வொன்றாக ஏறி, சலாம் சொல்லி, இனிப்பு சாப்பிட்டு, தனக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி துஆ வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை போனவர்கள் ஏற்படுத்திய வழக்கம் அது. கமாலுதீன் வாரா வாரம் போனான்.

முன்பு அவனுக்கு பம்பாயிலிருந்து கடல் தாண்டி விமானம் ஓட்டும் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை பெட்டி நிறையச் சாமானோடு வருவான். ஒரு மாதம் இருந்துவிட்டுப் பதினைந்து வீடு ஏறி இறங்கிப் புறப்படுவான். மகள் ஜன்னத் அவனை மாமா என்று கூப்பிட்டாள் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் திருச்சிக்கு மாற்றல் கேட்டு வாங்கினான். வியாழக்கிழமை மாலை பேரளத்தில் ரயில் மாறி காரைக்கால் வருவான். சனிக்கிழமை காலை திரும்புவான். வெள்ளிக்கிழமை முழுதும் மனைவிக்கும் மகளுக்கும் என்று கணக்கு.

வெள்ளிக்கிழமை முழுதும் பதினைந்து வீட்டுக்குப் போயிற்று.

"உம்மா, இந்த மாமா எப்ப போவாரு?" என்று ஜன்னத் கேட்டாள். அவளுக்கு மூன்று வயது.

"நாளைக்கு" என்றாள் ஷரீபுன்னிசா. பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்க வேலையை விடணும்னு நான் சொல்லலை மச்சான். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுல இருங்க. புள்ளைய கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

கமாலுதீன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதில் கம்பெனிக் கடிதம் இருந்தது. திருச்சி அலுவலகத்தில் விமான நேர அட்டவணை போடும் உத்தியோகம் காலி. விருப்பமுள்ள விமானி அடுத்த மாத முடிவுக்குள் கையெழுத்திட்டுத் தரலாம். கையெழுத்துப் போட்டால் விமானம் ஓட்ட முடியாது. ஆனால் கடல் தாண்டாதவனுக்குச் சலாமும் கிடையாது.

கையெழுத்துக்கு முன்னால் வேறு வழிகளைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான்.

முதலில் மாமியார் கமருன்னிசாவிடம் பேசினான்.

"மாமி, இது சபர் இல்லை. வேலை. காலையில கொழும்பு போறேன், சாயங்காலம் திருச்சிக்குத் திரும்பிடறேன்."

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான். அங்க ஒரு மணி நேரம் இருப்பேன்."

"ஒரு ராத்திரி தங்கக்கூட விடமாட்டாங்களா?"

"எதுக்கு மாமி? ஆள் இறங்கி ஏறினதும் கிளம்பிட வேண்டியதுதான்."

கமருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் வீடுகள் பதினேழாயின.

பயப்படுகிறார்கள் என்று கமாலுதீன் புரிந்துகொண்டான். அதற்கடுத்த வாரம் வீட்டுக்கு வீடு விமானத்தைப் பற்றி விளக்கினான். இரண்டு இன்ஜின் உண்டு. ஒன்று நின்றாலும் மற்றொன்று பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

"போய்ச் சேர்றதைப் பத்தி யாருக்குங்க கவலை?" என்றாள் ஒரு பெரியம்மா. "காகிதம் எல்லாம் சரியா இருக்குதா?"

"போன மாசம்தான் புதுப்பிச்சாங்க."

"அங்க இருக்கிற ஆபீசர்தான் சரியில்லைபோல."

தலைமை விமானியைச் சொல்கிறாள் என்று நினைத்து, "கொஞ்சம் கண்டிப்பான ஆளு" என்றான் கமாலுதீன். பெரியம்மா அவன் கையில் ஒரு தாயத்தைக் கட்டினாள். விளக்கம் சொன்ன காரணத்தால் அன்று பதினேழு வீட்டையும் முடிக்கச் சாயங்காலம் ஆறரை மணியாயிற்று. ஜன்னத் தூங்கிவிட்டிருந்தாள்.

ஒருவேளை, பம்பாயிலிருந்து கொண்டுவந்ததுபோல் சாமான் கொண்டுவராததில் வருத்தமோ என்று அவனுக்குத் தோன்றியது. கொழும்பில் பதினேழு வாசனைச் சோப்பு வாங்கி வந்தான். ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே வெச்சுக்குங்க மாப்பிள்ளை. உங்களுக்கு ஆகும்" என்றார்கள். பதிலுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். தம்ரூட் இனிப்பு, கருவாடு, ஊறுகாய், ஒரு வீட்டில் பழைய கம்பளி. மொத்தம் பதினெட்டு சேர். விமானத்தின் எடைக் குறிப்பில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று துணை விமானி கேட்டான்.

அடுத்து, பதினேழு வீட்டையும் ஒரே நேரத்தில் முடிப்பது என்று தீர்மானித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எல்லாரும் இங்கே சாப்பிட வந்துவிட்டால், மூன்று மணிக்குச் சலாம் தீர்ந்துவிடும். நாலு மணிக்குக் கடற்கரை.

அறுபத்து நான்கு பேர் வந்தார்கள். ஷரீபுன்னிசா விடியற்காலை சுபுஹ் தொழுத கையோடு அடுப்படிக்குப் போனவள் வெளியே வரவில்லை. பள்ளிவாசல் லெப்பை நீளமாக துஆ ஓதினார். அறுபத்து நான்கு பேரும் சொன்ன ஆமீனில் ஜன்னத் பயந்து அழுதாள். அவளைத் தூக்கக் கமாலுதீன் எழுந்தபோது மாமியார் மறித்தாள்.

"கிளம்புங்க மாப்பிள்ளை, நேரமாச்சு."

"எங்க மாமி?"

"சலாம் சொல்லத்தான். வீடு தேடி வந்தவங்க வீட்டுக்குத் திரும்பப் போகாம சபர் போறதா?"

கடைசியாக ஒன்றுதான் பாக்கி இருந்தது. தான் உத்தியோகம் பார்ப்பவன், பயணி அல்ல என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பதினான்காவது வாரம் விமானி உடுப்பைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டான். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, தொப்பி.

தாயத்துப் பெரியம்மா பட்டையைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத் தைச்சிருக்கான். இதைப் போட்டுட்டுப் போனா விட்டுடுவாங்களா?"

"இது இல்லாமப் போனா உள்ளேயே விடமாட்டாங்க."

"அப்ப கழட்டாதீங்க. தூங்கும்போதும் கழட்டாதீங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அந்த வாரம் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார்கள்.

பதினாறாவது வீட்டை விட்டு இறங்கியபோது மணி ஐந்தே முக்கால். கமாலுதீன் தெருவிலேயே நின்று, தொப்பியைப் பலகையாக வைத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். ஒன்பது வருஷம் ஓட்டியாயிற்று. போதும்.

பதினேழாவது வீடு மாமியாரின் அண்ணன் நூகுவுடையது. சைகோனில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அதிகம் பேசாதவர்.

"இதான் கடைசி சலாம் மாமா" என்றான் கமாலுதீன். "இனிமே கொழும்பு போகலை. முடிவு பண்ணிட்டேன்."

நூகு தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார்.

"மனசை விட்டுடக் கூடாது மாப்பிள்ளை. என்னையும் சைகோன்ல முதல் தடவை கப்பலை விட்டே இறங்க விடலை. அதே கப்பல்ல திருப்பி அனுப்பிட்டானுங்க. நான் விட்டுட்டேனா?"

"திருப்பி அனுப்பறதா? யாரை?"

"நம்மகிட்ட என்ன மறைப்பு? பர்மிட் சரியில்லாதவனைக் கொழும்புல ஒரு மணி நேரம்கூட வெச்சிருக்க மாட்டான்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது? சபர் போனவன் வாரா வாரம் வெறுங்கையோட வந்து நின்னா வேற என்ன அர்த்தம்? இந்தத் தடவையாவது நீங்க திரும்பி வந்துடக் கூடாதுன்னுதான் பதினேழு வீடும் துஆ கேக்குது."

கமாலுதீன் தொப்பியைக் கழற்றினான்.

"மாமா, நான்தான் அந்த விமானத்தையே ஓட்டறேன். ஷரீபுன்னிசா உங்ககிட்டயெல்லாம் சொல்லலையா?"

"சொல்லாம என்ன? கல்யாணமான நாள்லேருந்து வீட்டுக்கு வீடு அதைத்தான் சொல்லிட்டிருக்கு" என்றார் நூகு. "புருஷன் மானத்தைக் காப்பாத்த இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ற பொண்ணு கிடைக்க, நீங்க கொடுத்து வெச்சிருக்கணும் மாப்பிள்ளை."