பதினேழாவது குழு

மார்வாவைப் பதினேழாவது குழுவில் சேர்த்தபோது கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் குழுவின் கோப்புகள் மட்டும் அவளுக்குத் திறக்கவில்லை. எந்தக் குழுவில் பெயர் இருக்கிறதோ, அதன் கோப்புகளும் வேலைகளும்தான் ஒருவர் கைக்கு வரும்.

அமெரிக்காவின் பனி கொட்டும் டுலூத் நகரில் அந்தச் சின்னக் கல்லூரிக்குக் கணினி நிர்வாகியாக ட்ரெவர் வந்து மூன்று வாரம்தான். வேலை நிரந்தரமாவது டீன் லிண்ட்குவிஸ்ட் கையில்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மார்வா ஆய்வுக்குழுவுல இருக்கணும். அவங்க இல்லாம இங்க எந்த வேலைப்பா நடக்குது?" என்றார் டீன்.

"ஒரு ஆளுக்குப் பதினாறு குழுவுக்கு மேல சேர்த்தா சிஸ்டம் கணக்குல எடுத்துக்காது சார்."

"அப்ப ஒண்ணைத் தூக்கு. இதுக்கும் நான்தான் வரணுமா?"

மார்வாவின் பட்டியலில் 'உப்புத் தூவல்' என்றொரு குழு இருந்தது. பதிவாளர் அலுவலகத்துப் பெண்மணிக்கு உப்பு எதற்கு? தூக்கினான். மறுநாள், பனி உருகப் படிகளில் உப்புப் போடும்படி அவளிடமிருந்து யாருக்கும் தகவல் போகவில்லை. பனிக்கட்டியில் முதலில் சறுக்கி விழுந்தவர் டீன்.

உப்பைத் திரும்ப வைத்து, 'மீன் தொட்டி'யை எடுத்தான். பட்டினி கிடந்த மீன்களுக்காக உயிரியல் துறையே சண்டைக்கு வந்தது. கடைசியில் மூளையைக் கசக்கி, இரண்டு குழுக்களை ஒன்றாக்கினான். பனித்தரையில் கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் அணிக்குத் தேர்வு வினாத்தாள்கள் திறந்துகொண்டன. அவர்கள் மட்டும் புகார் சொல்லவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மார்வா கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ரொம்ப மெனக்கெடாதீங்க தம்பி."

"என் வேலை போயிடும் மேடம்."

அவள் முகம் வாடியது. "உங்களுக்கு முன்னாடி இங்க இருந்த ஆர்வில்கிட்ட கேளுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம்."

அவள் போன பிறகு ட்ரெவர் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மனுஷியை எத்தனை பேர் இழுக்கிறார்கள்! அவளுக்காக 'போதும்' என்று சொல்லத் தெரிந்தது அந்தக் கல்லூரியிலேயே கணினி ஒன்றுதான். அதன் வாயையும் அடைக்கத்தான் அவன் பாடுபடுகிறான். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வேலை வேண்டுமே. போனை எடுத்தான்.

விஷயத்தைக் கேட்டதும் ஆர்வில் விழுந்து விழுந்து சிரித்தார். "உப்பை எடுத்தியா? மீன் தொட்டி?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எதைத் தொட்டாலும் கூச்சல் கிளம்புற மாதிரி, பதினாறையும் நிரப்பினவனே நான்தானேப்பா! நீ பயப்படாதே. டீனை எங்கிட்ட பேசச் சொல்லு, மெஷினோட எல்லை அவ்வளவுதான்னு நான் சொல்லிக்கிறேன்."

"எதுக்காக இப்படிப் பண்ணீங்க?"

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு நிமிஷம் இருப்பா... மார்வா, கோட்டைக் கழட்டிட்டு வாம்மா, சூப் ஆறுது!"