நாற்பது கிலோமீட்டர் விடுதலை

பூமியைக் காப்பாற்றியே தீருவது என்று போன மாதம் முடிவெடுத்தேன். பூமிமேல் எனக்கு அவ்வளவு அக்கறை. உண்மையைச் சொன்னால், என் காதுமேல் அதைவிட அக்கறை.

மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், தங்கமான மனிதர். ஆனால் பாடுவார். மைக் வைத்துப் பாடுவார். ஞாயிறு தவறாமல் நாங்கள் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். இரண்டாவது பாட்டில் ஏதாவது சாக்குச் சொல்லி, பெட்ரோல் வண்டியில் தப்பித்து வந்துகொண்டிருந்தேன். சாக்குகளும் தீர்ந்துபோயின.

நேரே மின்சார ஸ்கூட்டர் கடைக்குப் போனேன்.

"நாற்பது கிலோமீட்டருக்கு மேல ஓடாத வண்டி இருக்கா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மச்சான் வீடு முப்பத்தைந்து கிலோமீட்டர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்!

ஞாயிறு வந்தது. மனைவிமுன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

"போறதுக்குச் சார்ஜ் தாங்கும். திரும்பி வரத் தாங்காதேம்மா."

"அப்ப பழைய வண்டியில போலாங்க."

"அதைத்தான் வித்தாச்சே! எவ்வளவு புகை தெரியுமா? பூமியே கொதிக்குது. நம்ம பேரன் பேத்திங்க எப்படி வாழும்?"

"நம்ம பொண்ணு மூணாங்கிளாஸ்தாங்க படிக்கிறா. பேரன் பேத்திய அப்புறம் பாத்துக்கலாம், ஹெல்மெட்டைப் போடுங்க."

"வர்ற வழியில நின்னுட்டா?"

"நிக்காதுங்க. அண்ணன் வாசல்லயே நமக்குன்னு பிளக் வெச்சுட்டாரு. நீங்க வண்டிக்கு முன்பணம் கட்டின அன்னிக்கே போன்ல சொல்லிட்டேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

மச்சான் வாசலிலேயே காத்திருந்தார். வண்டியை அவரே ஆசையாகச் சார்ஜில் போட்டார்.

"முழுசா ஏற நாலு மணி நேரம் ஆகுமாமே, மாப்ளே?"

"எனக்கு நடுவுல ஒரு அவசர வேலை இருக்கு, மச்சான்."

"எதுல போவீங்க?"

மச்சான் மைக்கைத் தட்டிப் பார்த்தார். நாலு பாட்டு ஆனது. ஐந்தாவதில் அவர் தொட்ட உச்சத்தில் என் பல்லெல்லாம் கூசியது. தண்ணீர் குடிக்க நிறுத்தினார். விடுவேனா, எழுந்து கைதட்டினேன்.

"பிரமாதம் மச்சான்! தொண்டை என்னத்துக்கு ஆகும்? இன்னிக்கு இது போதுமே?"

மனைவி எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வண்டி கால்வாசிகூட ஏறலை. நீ பாடுண்ணா, அவர் எங்கயும் போகமாட்டாரு. நானும் அண்ணியும் கடைக்குப் போயிட்டு மெதுவா வர்றோம்."

இருவரும் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள், அண்ணியின் பெட்ரோல் வண்டியில்.