கண்ணாடிக் காசும் கீரியின் மறுப்புரையும்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தாள். "எந்தக் காட்டில்? பெயரில்லாமல் ஒரு காடு எப்படி இருக்கும்?" என்று கதையை இங்கேயே நிறுத்தக்கூடியவள். பெயர் நப்பின்னை. காட்டுப் பல்கலைக்கழகத்தில் தர்க்கவியல், முதுகலை இரண்டாம் ஆண்டு.

அவளிடம் ஒரு பழைய வெள்ளிக்காசு இருந்தது. கரையான் புற்றைத் தோண்டும்போது கிடைத்தது. புது அச்சில் முதலில் அடித்து விழும் சில காசுகள் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அடிக்க அடிக்க அச்சு மங்கிவிடும். அப்புறம் விழுவதெல்லாம் வெறும் காசு. நப்பின்னையுடையது கண்ணாடிக் காசு.

ஞாயிற்றுக்கிழமை காசு சேகரிப்போர் சங்கத்தின் கண்காட்சி. தரப் பரிசோதனையில் எழுபதுக்கு அறுபத்தைந்து மதிப்பெண் வாங்கிய காசுக்குத்தான் காட்சிப் பேழைக்குள் இடம். "என் காசு பேழைக்குள் போகலைன்னா பட்டிமன்றச் செயலாளர் பதவியை விட்டு விலகுறேன்" என்று கேன்டீனில் அறிவித்தாள். யாரும் கேட்டிருக்கவில்லை. இருந்தும் அறிவித்தாள்.

தரம் பார்க்கும் அலுவலகத்தில் தேவாங்கு உட்கார்ந்திருந்தார். காட்டிலேயே பெரிய கண் அவருக்கு, அதனால் அந்த வேலை. காட்டிலேயே மெதுவான கையும் அவருக்கு, அதனால் அந்த வரிசை. மேசையில் ஒரு பலகை: 'காசின் மேல் பேசாதீர்.'

"இது பேச்சுரிமைக்கு எதிரானது" என்றாள் நப்பின்னை, முன்னால் நின்ற முள்ளம்பன்றியிடம்.

"டோக்கன் எடுத்தியாம்மா?" என்றது முள்ளம்பன்றி.

மேசையில் மயிலின் முறை. மயிலின் காசு பளபளவென்று இருந்தது. தேவாங்கு வெகுநேரம் பார்த்தார்.

"என்ன போட்டுத் தேய்ச்சீங்க?"

"திருநீறு சார். கொலுசுக்கெல்லாம் அதுதானே போடுறோம்."

"தேய்த்தது. தரமில்லை."

மயில் அழுதது. நப்பின்னை வரிசையை விட்டு வெளியே வந்து விளக்கினாள். தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விழும். விழுந்தால் விழுந்ததுதான், அழிக்க முடியாது. துணியால் துடைப்பதும் தேய்ப்பதுதான். "இதுகூடத் தெரியாம எதுக்குச் சேகரிக்கிறீங்க? படிக்கணும்." கால் மணி நேரம் பேசினாள். மயில் அழுதுகொண்டே கேட்டது. அந்த உரையில் ஒரு பிழையும் இல்லை என்பதை, நடுநிலை தவறாத கதைசொல்லியாக நான் இங்கே பதிவுசெய்கிறேன்.

அவள் முறை வந்தது. தேவாங்கு கையுறை மாட்டி, காசை விளிம்பில் பிடித்தார். ஒரு சாண் தள்ளி எழுத்து அட்டையை நீட்டி, காசுக்குள் தெரிந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசி வரி வரை படித்தார்.

"கண்ணாடிதான். அறுபத்து நாலு."

"ஏன் அறுபத்து நாலு?"

"ராஜா கன்னத்துல ஒரு கீறல்."

நப்பின்னை மேசையைச் சுற்றி வந்து காசின் மேலேயே குனிந்தாள். "சார், கீறல்னா பள்ளமா இருக்கும். இது பள்ளம் இல்லை, மேடு. அப்போ இது காசுல பட்ட கீறலே இல்லை, அச்சுல இருந்த பிழை. பிறப்பிலேயே இருந்ததுக்குக் காசு எப்படிப் பொறுப்பாகும்? இரண்டாவது பாயின்ட், எழுபதுக்கு எதுக்கு மதிப்பெண் போடுறீங்க? நூறு பிடிக்காதா?"

தேவாங்கின் விரல் பலகையை நோக்கிப் புறப்பட்டது. அது போய்ச் சேர்வதற்குள் அவள் ஆறாவது பாயின்டை முடித்திருந்தாள்.

"எச்சில்ம்மா" என்றார்.

ராஜாவின் கன்னத்தில் மூன்று துளிகள்.

"எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வால் நுனியால் துடைத்தாள்.

வரிசை மூச்சை நிறுத்தியது. மயில் அழுகையை நிறுத்தியது.

"படிக்கணும்" என்றது மயில்.

தேவாங்கு லென்ஸை எடுத்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார். "நீ சொன்னது சரிம்மா. மேடுதான். நான்தான் தப்பாப் பார்த்துட்டேன். அறுபத்தஞ்சு கொடுத்திருக்கணும்."

"கொடுங்க சார்."

"இப்போ தேய்த்தது. தரமில்லை."

நப்பின்னை பேசவில்லை. முள்ளம்பன்றி அவளுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து தண்ணீர் கொடுத்தது. குடித்தாள். யோசித்தாள்.

"சார், நான் சொன்னது சரின்னு சொன்னீங்களே. அதை எழுத்தில் தர முடியுமா?"

"அதுக்குத் தனிப் படிவம்."

"மூணு பிரதி கொடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பேழைக்குள் காசுகளுக்கு நடுவே ஒரு கடிதம் இருந்தது: 'இக்காசு அறுபத்தைந்து பெற்றிருக்க வேண்டும் என்று இக்கீரி கூறியது சரி.' விதியில் காசு என்றுதானே இருக்கிறது என்று சங்கத்தார் கேட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவள் பதிலை முடிக்காததால் இடம் கொடுத்துவிட்டார்கள். பதவி விலகலை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவளே நினைவுபடுத்தி, இரண்டு பக்கமும் அவளே வாதாடி, தன்னைத்தானே விடுவித்துக்கொண்டாள்.

கண்காட்சிக்கு வந்தவர்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "காசு எங்கே?" என்று கேட்டார்கள். விளக்குவதற்கு அவள் ஓரடி முன்னால் வந்தபோதெல்லாம் அவர்கள் ஈரடி பின்னால் போனார்கள்.

வீட்டுக்கு வந்து காசில் முகம் பார்த்தாள். கண் மங்கல். காது மங்கல். மீசை இருந்த இடத்தில் ஏதோ புகை. வாய் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

நீதி: காசு போனால் போகட்டும், நீ சொன்னதுதான் சரி என்று எழுதி வாங்காமல் வீடு திரும்பாதே. மறுப்பவர்கள் என்னிடம் நேரில் வரலாம், ஒரு சாண் தள்ளி நின்று கேட்கவும்.