நான்கு நிமிடப் பணி முறிவு

பணி நேரத்தில் ஓர் ஊழியர் காலமானால் என்ன செய்ய வேண்டும் என்பதை விதிகள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன: மலர்வளையம், இரண்டு நிமிட மௌனம், காலிப் பணியிட அறிவிப்பு. காலமானவர் நான்கு நிமிடம் கழித்துக் கண் திறந்து, "என் கண்ணாடி எங்கே?" என்று கேட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஒரு குறையால் அளவைகள் மற்றும் முத்திரைகள் இயக்குநரகத்தில் ஒரு மாதம் வேறு வேலையே நடக்கவில்லை. (அதற்கு முன் நடந்துகொண்டிருந்தது என்று பொருள்கொள்ள வேண்டாம்.)

அப்படிக் கண்ணாடி கேட்டவர் விடுப்புப் பிரிவின் தலைமை எழுத்தர். ஆறு மாடியிலும் அவருக்கு ரூல்ஸ் என்றுதான் பெயர். ஒருமுறை லிஃப்ட் இயக்கும் அம்மா, அதாவது ஊரே 'லிஃப்ட் அக்கா' என்று அழைப்பவர், ஏழு நிமிடம் தாமதமாக வந்தார். "பஸ் வரல சார்" என்றார். ரூல்ஸ் அரை நாள் விடுப்பைக் கழித்துவிட்டு, 'வராத பஸ்ஸுக்கான ஆதாரத்தை இணைத்து மேல்முறையீடு செய்யலாம்' என்று குறிப்பு எழுதினார். கல்நெஞ்சம் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த நெஞ்சு யாருக்கும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

தேவைப்பட்ட நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று பத்துக்கு, தரைத்தளத்தில் லிஃப்டுக்காக நின்றபடி கோப்பு புரட்டிக்கொண்டிருந்த ரூல்ஸ், பதினேழாம் பக்கத்தில் சரிந்தார். மூச்சு இல்லை. நாடி இல்லை.

சுற்றி நின்ற பதினோரு பேரில் ஒன்பது பேர் 'இதயம் காப்போம்' பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்கள். அப்போது இயக்குநரகத்தில் இதயம்தான் நாகரிகம். எல்லார் சட்டையிலும் சிவப்பு வில்லை, எல்லார் மணிக்கட்டிலும் துடிப்பை எண்ணும் கடிகாரம். பயிற்சி நாளன்று மட்டும் எல்லாருக்கும் அவசரக் கூட்டம் இருந்தது. புகைப்படத்தில் நாற்காலிகள் காலியாகத் தெரியக் கூடாதே என்று லிஃப்ட் அக்காவை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பாவத்துக்கு அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

"யாராவது ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க! அந்தப் பெட்டியைக் கழட்டுங்க!" என்று கத்திக்கொண்டே லிஃப்டிலிருந்து ஓடிவந்த அக்கா மண்டியிட்டு, ரூல்ஸின் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அமுக்கத் தொடங்கினார்.

பெட்டி என்பது சுவரில் இருந்த இதய அதிர்வுக் கருவி. அதன்மேல் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"அதுக்கு இன்னும் திறப்பு விழா நடக்கலைம்மா," என்றார் கண்காணிப்பாளர். "இயக்குநர் அடுத்த வியாழக்கிழமை தேதி குடுத்திருக்கார்."

"இவர் வியாழக்கிழமை வரைக்கும் காத்திருப்பாரான்னு கேளுங்க சார்!"

காவலாளி பெட்டியைப் பெயர்த்துக் கொடுக்க, அக்கா ரிப்பனைப் பல்லால் கடித்து இழுத்தார். கருவி பேசியது: 'நோயாளியை யாரும் தொடாதீர்கள்.' சான்றிதழ் பெற்ற ஒன்பது பேரும் அந்த அறிவுரையை ஏற்கனவே அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அதிர்வு, மறுபடி அமுக்கல். பதினொன்று பதினாலுக்கு ரூல்ஸ் கண்ணாடியைக் கேட்டார்.

நான்கு வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பியபோது மேசைமேல் இரண்டு கோப்புகள். ஒன்று லிஃப்ட் அக்காவின்மீது: பணியிடத்தை விட்டு விலகியது, ரிப்பனுக்குச் சேதம் விளைவித்தது, திறந்து வைக்கப்படாத கருவியைத் திறந்தது, மேலதிகாரி ஒருவரின் விலா எலும்புகள் இரண்டை முறித்தது. மற்றொன்று அவர்மீதே: 11.10 முதல் 11.14 வரை முன் அனுமதியின்றி உயிரற்று இருந்தது. ஒரு நிமிட இடைவெளியும் பணி முறிவே என்ற சுற்றறிக்கை ஆதாரமாக இணைக்கப்பட்டிருந்தது. எழுதியவர் ரூல்ஸ்.

துணை இயக்குநர் கூப்பிட்டு ஆறுதலாகப் பேசினார். "சிக்கலே இல்ல ரூல்ஸ். அந்த நாலு நிமிஷமும் உயிரோடதான் இருந்தேன்னு எழுதிக் குடுத்துடுங்க."

"அப்போ லிஃப்ட் அம்மா?"

"உயிரோட இருந்த அதிகாரியைத் தாக்கினதா ஆகும். வேலை போயிடும்."

"செத்துட்டேன்னு எழுதினா?"

"அவங்க தப்பிச்சாங்க. உங்க இருபத்தொன்பது வருஷ சர்வீஸ் அறுந்துடும். புதுசா விண்ணப்பிக்கணும். உங்களுக்கு வயசு வேற தாண்டிடுச்சு."

"பாதி உயிர்னு...?"

"அரை நாள் விடுப்பு மாதிரியா? நிமிஷக் கணக்குல அரை கிடையாதுன்னு நீங்கதானே போன வருஷம் திருத்தம் போட்டீங்க?"

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "உயிரோட இருந்தேன்னு மட்டும் எழுதிப் பாருங்க. மிச்சம் இருக்கிற விலாவை நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும்.

"எத்தனாவது மாடி சார்?" ஆறு வருடமாக அவர் நான்காம் மாடிக்குத்தான் போகிறார்.

"நாலு." கதவு மூடியது. "ஏம்மா, அன்னைக்கு இவ்வளவு பலமாவா அமுக்கறது?"

"மெதுவா அமுக்கினா பயிற்சிப் பொம்மைல பச்சை விளக்கு எரியாது சார். அஞ்சு சென்டிமீட்டர் இறங்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க."

"நான் பொம்மை இல்லையேம்மா."

"கோவிச்சுக்காதீங்க. நீங்கன்னு நினைச்சிருந்தா கை நடுங்கியிருக்கும். பொம்மைன்னு நினைச்சுத்தான் அமுக்கினேன்."

நான்காம் மாடி வந்தது. ரூல்ஸ் இறங்கவில்லை. "இன்னொரு தடவை மேல போய்ட்டு வாங்க," என்றார். விதி நாற்பத்தொன்று அவருக்கு ஆறாம் மாடியில் நினைவுக்கு வந்தது.

அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இன்றும் கோப்பில் இருக்கிறது: 'மேற்படி நான்கு நிமிடங்களில் நான் உயிருடனும் இல்லை, இறந்தும் இல்லை, பணியில் இருந்தேன். செய்முறைப் பயிற்சியில் பொம்மையின் பொறுப்பைக் கூடுதலாக ஏற்றிருந்தேன். விதி நாற்பத்தொன்றின்படி பயிற்சிக் காலம் பணிக்காலமே. பயிற்சியில் பொம்மைக்கு ஏற்படும் தேய்மானத்துக்கு எவரும் பொறுப்பல்ல. கருவி இயக்கப்பட்டது வெள்ளோட்டத்துக்காக.'

இயக்குநர் அகமகிழ்ந்தார். இரண்டு கோப்புகளும் முடிக்கப்பட்டன. அறுந்த ரிப்பனுக்கு முடிச்சுப் போட்டு மறுபடி கட்டி, கைதட்டலுக்கிடையே வெட்டினார்கள்.

எல்லாம் சுபம் என்றிருந்த வேளையில் லிஃப்ட் அக்கா ஒரு நாள் விடுப்புக் கேட்டார். மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமாம்.

துணை இயக்குநர் நடுங்கிவிட்டார். "அன்னைக்கு யாருக்காவது இதயம் நின்னுட்டா?"

"எல்லாருக்கும் மறுபடி பயிற்சி குடுக்கலாம் சார்," என்றார் ரூல்ஸ். "இந்தத் தடவை நாமளே உட்கார்ந்து."

"சான்றிதழ் வாங்கினவங்களுக்கு மறுபடி பயிற்சியா? அப்போ முதல் சான்றிதழ் எதுக்குன்னு தணிக்கைல கேப்பாங்களே!"

ஆகவே சுற்றறிக்கை போனது: 'லிஃப்ட் இயக்குநர் விடுப்பில் இருக்கும் நாளில் ஊழியர் எவரும் இதய நிறுத்தத்துக்கு உள்ளாகக் கூடாது. மீறுவோர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.' அன்று ஒருவரும் மீறவில்லை. இதய நோய் வரலாற்றில் இத்தகைய பலனை எந்த மருத்துவமும் தந்ததில்லை என்று இயக்குநர் குறிப்பெழுதி, ஆணையை எல்லா வேலை நாட்களுக்கும் நீட்டித்தார். இனித் தேவைப்படாது என்பதால் கருவி பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டது.

நீட்டித்த ஆணை அன்று மாலையே ஆறு மாடியும் சுற்றியது. முதல் கையெழுத்து ரூல்ஸுடையது. இருபத்தொன்பது வருடப் பழக்கம், கை முந்திக்கொண்டது. மை காய்ந்த பிறகுதான் விலா வலித்தது. மொத்தம் இருநூற்றுப் பதினொரு பேர் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று ஒப்பமிட்டார்கள்.

லிஃப்ட் அக்கா மட்டும் கையெழுத்திடவில்லை; அன்று அவர் விடுப்பு. அந்தக் கட்டடத்தில் இதயம் நின்றுபோகச் சட்டப்படி உரிமையுள்ளவர் இன்றைய தேதியில் அவர் ஒருவரே. நின்றால் அமுக்கத் தெரிந்தவரும் அவர் ஒருவரே.