இரண்டாவது மச்சம்

காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. கொண்டுவந்தவன் ஜெராக்ஸ் கடை பாலு. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமையில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு, "கீதாக்கா, உங்க சித்தப்பா பூட்டாரு. நம்ம கடை பெஞ்சுல உக்காந்துகினு பாரம் எழுதிகினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வாக்கியமும் வந்துவிட்டது.

"பயப்படாதீங்க. கையில இருந்த பாரம் கசங்கல. பையில பத்திரமா வெச்சிட்டேன்."

ஒரு மனிதர் இறந்த செய்தியோடு ஒரு தாளின் உடல்நலமும் சேர்ந்து வருகிறது என்றால், அவர் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். விண்ணப்பப் பாரம் நிரப்பும் இனம். ஊருக்கு ஒருவராவது உண்டு. பத்து மாதம் நம்மைப் போலவே சாதுவாகத் திரிவார்கள், டீ குடிப்பார்கள், கரண்ட் போனால் திட்டுவார்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் போதும், சட்டைப்பையில் இரண்டு பேனா முளைக்கும், கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பை முளைக்கும், நடையே மாறிவிடும். பள்ளிச் சேர்க்கை முடியும்வரை அவர்களிடமிருந்து எந்தப் பிள்ளையும் தப்ப முடியாது. கட்டணம் வாங்கினாலாவது வேண்டாம் என்று சொல்லி நிறுத்தலாம். வாங்காதவரை எப்படி நிறுத்துவது?

என் சித்தப்பா மாணிக்கவேல் ஆரணி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ் ஒன்றுக்கு டைம்கீப்பராக இருந்தவர். படித்தது எட்டாவது. சென்னைக்குப் போகும் எந்த வண்டி எந்த மேட்டில் மூச்சு வாங்கும் என்று அவருக்குத் தெரியும். சென்னையில் எந்த அரசுப் பள்ளியில் எந்த குரூப்புக்கு எத்தனை இடம் என்றும் தெரியும். முதலாவது எப்படித் தெரியும் என்பது ஊருக்குத் தெரியும். இரண்டாவது எப்படித் தெரியும் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை. பிளஸ் ஒன் என்றால் பட்டணத்து கவர்மென்ட் ஸ்கூல்தான், அதிலும் விடுதி உள்ள ஸ்கூல்தான் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்கு அவரே தலைவர், அவரே தொண்டர்.

இந்த இனத்தை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். மதிப்பெண்ணைச் சொல்லிப் பாருங்கள். வாழ்த்த மாட்டார்கள்.

"நானூத்தி பன்னெண்டா? கணக்குல எத்தினி?"

"எம்பத்தி ஒம்போது, மாமா."

"அந்தப் பதினொண்ணு எங்க போச்சு?"

அந்தப் பிள்ளை போன பதினொன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே விசாரணை பெற்றோர் பக்கம் திரும்பும். டி.சி. வாங்கியாயிற்றா, சாதிச் சான்று எங்கே, வருமானச் சான்றில் தாசில்தார் முத்திரை வட்டமாக விழுந்ததா, இல்லை பாதி நிலாவாக விழுந்ததா, போட்டோ எத்தனை. "ரெண்டா? ரெண்ட வெச்சிகினு இன்னா பண்ணுவ? எட்டு எடு." எட்டு எதற்கு? கேட்காதீர்கள். எட்டுதான்.

"ஒரிஜினல எவன் கேட்டாலும் குடுத்துடாத" என்பது அடுத்த கட்டளை. இதைக் கேட்டு பயந்த ஓர் அம்மா மகனின் மார்க் ஷீட்டை யாருக்கும் கிடைக்காத இடத்தில் ஒளித்துவைத்தார். சேர்க்கை அன்று அவருக்கும் கிடைக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று: "ஹெட்மாஸ்டர் நமக்கு வேண்டியவருதான்." சென்னையில் அவருக்கு வேண்டாத தலைமை ஆசிரியரே இல்லை. நட்பின் ஆழத்தை நான் ஒருமுறை தோண்டிப் பார்த்தேன். தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு தலைமை ஆசிரியை அவரைப் பார்த்து, "பெரியவரே, லைன்ல நில்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அன்று முதல் வேண்டியவர்.

பேனா விஷயத்தில் அவர் ஒரு மதம். கறுப்பு மைதான். அடித்தல் திருத்தல் இருந்தால் பிள்ளையின் எதிர்காலம் அங்கேயே முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. அதை விரலை ஆட்டித்தான் சொல்வார்: "ஒரு கட்டம் காலியா இருந்தாலும் பாரம் குப்பைக்கூடைக்குத்தான் போவும்."

என் பாரத்தையும் அவர்தான் எழுதினார். அறிவியல் குரூப் கேட்டுத்தான் சென்னைக்குப் போனோம். அங்கே அறிவியல் வரிசை தெருமுனைவரை நின்றது. வணிகவியல் வரிசையில் ஒன்பது பேர். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டரை மணி வண்டியப் புடிக்கணும்மா" என்றார். அப்படித்தான் நான் பி.காம். பட்டதாரி ஆனேன்.

ஆனால் இதெல்லாம் அவருடைய சில்லறைத் திறமைகள். அவர் கலை முழுவதும் வெளிப்பட்டது அங்க அடையாளங்கள் என்ற கட்டத்தில்தான். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, மச்சமோ தழும்போ எழுதச் சொல்வார்களே, அந்தக் கட்டம். நம்மைப் போன்றவர்கள் டி.சி.யில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுவோம். சித்தப்பா டி.சி.யை நம்பமாட்டார். பிள்ளையை வெயிலில் நிறுத்தி, கழுத்தைத் திருப்பி, காதை மடக்கி, கையைத் தூக்கி, தானே கண்டுபிடித்தால்தான் மச்சம். ஆரணியில் பாதித் தலைமுறையின் மச்சங்கள் அவருக்கு மனப்பாடம். கல்யாண வீட்டில் மணமகன் மாலையும் கழுத்துமாக வந்தால், "வலது தோள்ல ஒண்ணு, தாடைல ஒண்ணு" என்று முணுமுணுப்பார்.

இந்தக் கலையில் அவர் ஒரே ஒருமுறை சறுக்கினார். நெசவாளர் வீட்டுப் பிள்ளை ராஜ்குமார். இடது மணிக்கட்டில் கருநீல மச்சம் என்று கறுப்பு மையில் எழுதினார். சேர்க்கை நாளில் அந்தப் பள்ளி எழுத்தர் சும்மா இருக்காமல் கையை நீட்டச் சொன்னார்.

"மச்சம் எங்கப்பா?"

"கழுவிட்டேன் சார்" என்றான் ராஜ்குமார்.

அது பட்டு நூல் சாயம். வீட்டில் நூல் நனைத்தபோது தெறித்தது. எழுத்தர் அவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். சாயம் என்றால் என்ன, அது மணிக்கட்டுக்கு எப்படி வந்தது என்று அவன் அப்பா ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு சாயங்காலம்தான் இடம் கிடைத்தது. அன்றிலிருந்து சித்தப்பாவின் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்ந்தது. மச்சம் பார்க்க வருகிற பிள்ளை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வர வேண்டும். சந்தேக மச்சம் என்றால் இரண்டு நாள் கழுவ வேண்டும்.

இனி அன்றைய தினத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு மணிக்குள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி இறக்கி, சித்தப்பாவைக் கிடத்தியாயிற்று. தலைமாட்டில் விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் பாலு கொண்டுவந்து வைத்த ரெக்ஸின் பை. ஜூன் மாதம் முதல் வாரம் அல்லவா? மாலை போட வந்தவர்களில் பாதிப் பேர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், கண்ணைத் துடைத்தார்கள், பிறகு பையைப் பார்த்தார்கள். உள்ளே ஏழு பிள்ளைகளின் பாரம் இருந்தது. சாவு வீட்டில் எப்படிக் கேட்பது என்று அத்தனை பேரும் கூடுதலாகவே அழுதார்கள்.

ஆறு பேருக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஏழாவது ஆளுக்கு இல்லை. முள்ளிப்பட்டு ராமதாஸ் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். கூலி வேலை செய்பவர். பக்கத்தில் மகள் அமலா. அவள் படித்த பள்ளி பத்தாவதோடு முடிந்துபோகிறது. நானூற்று அறுபத்தேழு மதிப்பெண். சென்னையில் விடுதியோடு இருந்த ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் அறிவியல் குரூப் கேட்டிருந்தாள். பாரம் மறுநாள் மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். விடுதி கிடைக்காவிட்டால் மேலே படிக்கவைக்க வழியில்லை, அம்மாவோடு சாயப்பட்டறைதான் என்று ராமதாஸ் முன்பே சொல்லியிருந்தார். லீவு முழுக்க அவள் அங்கேதான் நூல் அலசினாள்.

"பதினோரு மணிக்கு வரச் சொன்னாருங்க" என்றார் ராமதாஸ், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பந்தல் காலிடம். "மொழங்கைய ரெண்டு நாளா கழுவிட்டு வரச் சொன்னாரு. கழுவிட்டுதான் வந்தோம்."

சித்தி கிருஷ்ணம்மாள் அழுகையை நிறுத்தினாள்.

"கீதா, அந்தப் பையத் தொற. கண்ணாலத்தன்னிக்கே தாலி கட்டினதும் எவன் பாரத்தையோ எழுதப் போன மனுசன். இன்னிக்கு மட்டும் சும்மாவா போவாரு? எழுதிக் குடு."

திறந்தேன். அமலாவின் பாரம் மேலேயே இருந்தது. கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கறுப்பு மை, அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அங்க அடையாளங்கள்: ஒன்று, வலது கன்னத்தில் ஒரு மச்சம். இரண்டாவது இடம் காலி. டி.சி.யில் அந்த இடத்தில் வெறும் கோடு.

"ரெண்டாவது எங்கம்மா?" என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது.

அமலா இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். நாவல்பழ நிறத்தில் மிளகளவு ஒரு புள்ளி.

அவ்வளவுதான். சாவு வீடு எழுந்து வந்தது. எதிர்வீட்டு சாவித்திரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மச்சந்தான்" என்றார். பாலு எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சாயம் மாதிரி கீது" என்றான். யாரோ உள்ளே போய் சோப்பு கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் கழுவியும் போகாதது மச்சம்தானே என்று சாவித்திரியம்மா வாதாடினார். ஊரும் ஒப்புக்கொள்கிற நேரம். அப்போது மாலையோடு உள்ளே வந்தார் சாயப்பட்டறை முதலாளி வீரன்.

"யாரு சொன்னது மச்சம்னு? அது என் சாயம்."

"ரெண்டு நாளா சோப்பு போடுதுங்க பொண்ணு, போவல" என்றார் ராமதாஸ்.

"எப்பிடிப் போவும்? என் சாயம் போயிருக்கா எப்பவாவது? அந்தப் பொடவையக் கட்டினவ கெழவி ஆயிடுவா, கலர் அப்படியே இருக்கும். போவுதுன்னு சொல்லு, பட்டறைய இன்னிக்கே மூடிடறேன்!"

போனால் சாயம். போகாவிட்டாலும் வீரன் சாயம். காலியாக விட்டால் குப்பைக்கூடை. சாயத்தை மச்சம் என்று எழுதினால் ராஜ்குமார் கதை. ஜல்தியா எழுதுங்க என்று ஒருவர், தழும்பு இருக்கா பாருங்க என்று ஒருவர், காதுக்குப் பின்னால் பார்க்கச் சொல்லி இன்னொருவர். ராமதாஸ் மகளின் முழங்கையைக் கையில் பிடித்தபடி நின்றார். யார் பேசினாலும் அவர் பக்கம் கும்பிட்டார்.

"பேஜாரு புடிச்ச ஜனங்களா!" என்று எழுந்தது சித்தியின் குரல். "அந்த மனுசன் மூஞ்சியப் பாக்க வந்தீங்களா, இந்தப் பொண்ணு மொழங்கையப் பாக்க வந்தீங்களா?"

கூட்டம் நாற்காலிகளுக்குத் திரும்பியது. அமலா என் கையிலிருந்து பாரத்தை வாங்கினாள். ஒரு தடவை முழுக்கப் படித்தாள்.

"இருக்கட்டுங்க, அக்கா. அவரு பாக்கறேன்னு சொன்னாரு. பாக்கல. பாக்காதத எழுத வாணாம். அப்படியே குடுக்கறேன்."

"குப்பைக்கூடை..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"கன்னத்துல இருக்கறது போதும். அது என்னுது."

கையெழுத்துப் போட்டாள். ராமதாஸ் பெருவிரல் ரேகை இல்லை, கையெழுத்தே போட்டார், நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. பாலு ஓடிப்போய் சித்தப்பா சட்டப்படி மூன்று நகல் எடுத்துவந்தான். மூக்கைச் சிந்திக்கொண்டே சித்தி சொன்னாள்: "நாலு அம்பது வண்டியப் புடி. ஆறு மணி வண்டி மேட்டுல இழுக்காது." மறுநாள் விடிகாலை அவர்கள் அந்த வண்டியில்தான் போனார்கள். சித்தப்பாவை நாங்கள் முந்தின நாள் மாலையே அனுப்பிவிட்டோம்.

பள்ளி எழுத்தர் பாரத்தை வாங்கி, மதிப்பெண்ணைப் பார்த்து, முத்திரை குத்தி, கட்டின்மேல் போட்டாராம். அங்க அடையாளங்கள் இருந்த பக்கத்தை அவர் திருப்பவேயில்லை என்று ராமதாஸ் வந்து சொன்னார். நாலாம் நாள் பட்டியல் ஒட்டினார்கள். அமலா ஐந்தாவது பெயர். விடுதியிலும் இடம் கிடைத்தது. வெயிலில் காது மடக்கப்பட்ட பிள்ளைகளை எல்லாம் நினைத்தேன். சிரிப்பு வந்தது.

சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வந்தபோது, 'டி.சி.யில் இருந்த கோட்டையே போட்டிருக்கலாமே' என்று தோன்றியதா? 'மறு கை முழங்கையைப் பார்த்தார்களா' என்று வாய்வரை வந்ததா? நானூற்று அறுபத்தேழு என்று படித்ததும், மீதி முப்பத்து மூன்று எங்கே போனது என்று ஒரு கணம் கணக்குப் போட்டீர்களா? அப்படியானால் சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். பேனா கறுப்பு மையாக இருந்தால் அடுத்த மே மாதம் ஊரில் இருக்காதீர்கள். நான் இருந்தேன். என் வாசலில் ஏழு பேர் வந்து நின்றார்கள், ஆளுக்கு எட்டு போட்டோவோடு.

பாலு எடுத்த மூன்று நகல்களில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு என்று சித்தப்பா எண் போட்டிருக்கிறார், பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்திருக்கிறார். அதற்கு மேல் எழுதவில்லை.