ஒரே காலில் நடந்த பூனை

"இந்தத் தடவை மட்டும் அவ கண்டுபிடிச்சுட்டா, பேனாவை உடைச்சு அடுப்புல போட்டுடுவேன்!"

ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரர் போட்ட சபதத்தைக் கேட்க கடையில் ஸ்டாம்புகள் மட்டுமே இருந்தன.

மனிதர் எழுதும் மர்மக் கதை ஒவ்வொன்றிலும், இரண்டாம் பக்கத்திலேயே அவருடைய வீட்டம்மா கொலைகாரனின் சட்டையைப் பிடித்துவிடுவாள். ஆகவே பந்தயம். அவள் தோற்றால், ஒரு மாதம் அவர் பாத்திரம் கழுவ வேண்டாம்.

வீட்டில் இன்னொரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. போன வாரம் வீட்டம்மாவின் ஆசைக் கண்ணாடி ஜாடி சுக்குநூறானது. அடுக்களை மேடையெல்லாம் மாவு, மாவெல்லாம் பூனைத் தடம். பக்கத்து வீட்டு அக்காவின் பூனைதான் என்று தீர்ப்பாகி, இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்துபோயிற்று.

ஞாயிறு மத்தியானம் வீட்டம்மா புதுக் கதையைப் படித்தாள். இரண்டாம் பக்கம் தாண்டியது. விடை இருந்த கடைசிப் பக்கத்தை மட்டும் கணவர் கையால் மூடிக்கொண்டார்.

"தோத்துட்டேங்க. நாய்தானே கடிச்சுக் கொன்னுச்சு? அறையெல்லாம் நாய்த் தடம் இருக்கே."

கணவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நாயாம் நாய்! துப்பு கண்ணு முன்னாடி கெடக்குடி!"

"எங்க? கடைசியில நீங்களா ஒண்ணைப் புடிச்சு இழுத்துட்டு வரக் கூடாது. நியாயமான துப்பா இருக்கணும்."

"மூணாவது பத்தியைப் படி. 'அத்தனை தடமும் வலது முன்னங்கால்.' நாய்க்கு எத்தனை கால்?"

"நாலு."

"அப்புறம்? நாய் என்ன நொண்டியா வெளையாடுச்சு? சமையல்காரன் உருளைக்கிழங்குல கால் செதுக்கிக் குத்திருக்கான்!"

"அடேயப்பா! கிழங்குல அவ்வளவு அச்சா வருமா?"

"ரப்பர்ல இன்னும் நல்லா வரும்."

சொன்ன வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

வீட்டம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். மேடை மூலையில் கவிழ்த்து வைத்திருந்த தட்டைத் தூக்கினாள். அடியில், பூனைக்கு எதிரான சாட்சியென்று துடைக்காமல் காத்து வைத்த மாவு. அதில் மூன்று பூனைத் தடம். மூன்றும் வலது முன்னங்கால்.

"ஏங்க, இந்தப் பூனையும் நொண்டி வெளையாடுச்சோ?"

"அது வந்து... கை தவறி..."

"ஜாடி ஒழிஞ்சு போகட்டும். அந்த அக்காவை நான் என்னென்ன பேசிட்டேன்! எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்க வாசல்ல போய் நிப்பேன்?"

கணவர் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை உருவினார்.

"பந்தயத்துல ஜெயிச்சது நான்தான். ஒரு மாசம் பாத்திரம் கழுவ மாட்டேன்!"

"ஆமாங்க. நம்ம வீட்டுல கழுவ வேணாம்," என்றாள் வீட்டம்மா, தேன் ஒழுக.

அன்று மாலை பக்கத்து வீட்டுத் தொட்டியில் அவருடைய இரண்டு கையும் நுரைக்குள் இருந்தன. ஜன்னலில் நாலு காலையும் மடக்கி உட்கார்ந்து, பூனை மேற்பார்வை பார்த்தது.